முதல் ஸ்போர்ட்ஸ் கார்: மேனுவலா, ஆட்டோவா? கோலாலம்பூர் சாலைகளுக்கு ஒரு வழிகாட்டி

"அண்ணே, மேனுவல் எடுக்கவா, ஆட்டோ எடுக்கவா?" முதல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கிற தம்பிகளும் தங்கைகளும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். மேனுவல் என்றால் கிளட்ச்சை மிதித்து நாமே கையால் கியர் மாற்றுவது, ஆட்டோ என்றால் கார் தானே மாற்றிக்கொள்வது. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து மேசையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருப்பவர் பதில் சொல்லிவிடுவார்: "ஸ்போர்ட்ஸ் காருன்னா மேனுவல்தான். ஆட்டோ எடுத்தா அந்தக் காரு எதுக்கு?" அந்தப் பேச்சை நம்பி மேனுவல் வாங்கி, எட்டே மாதத்தில் நஷ்டத்துக்கு விற்றவர் எனக்குத் தெரிந்தவர். வசதி என்று ஆட்டோ வாங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நண்பனின் காரில் கியர் குச்சியைத் தொட்டுப் பார்த்து ஏங்குகிறவரும் எனக்குத் தெரிந்தவர்தான். இரண்டு பேரும் தப்பான கார் வாங்கவில்லை. தங்கள் சாலை எது என்று பார்க்காமல் வாங்கினார்கள், அவ்வளவுதான்.

அதனால் கார் விளம்பரங்களைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். கீழே சொல்கிற வரிசையில் போனால் பெரும்பாலும் மூன்றாவது படியிலேயே உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

முதல் படி: லைசன்ஸை எடுத்துப் பாருங்கள்

அதில் டி என்று இருந்தால் மேனுவல், ஆட்டோ இரண்டும் ஓட்டலாம். டிஏ என்று இருந்தால் ஆட்டோ மட்டும்தான். டிஏ வைத்துக்கொண்டு மேனுவல் ஓட்டுவது சட்டப்படி குற்றம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். மேனுவல்தான் வேண்டும் என்று மனது சொன்னால், முதலில் ஓட்டுநர் பள்ளிக்குப் போய் மேனுவலில் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி டி வாங்குங்கள். காருக்கு முன்பணம் கட்டுவது அதற்கப்புறம்.

டி இருந்தும், தேர்வு நாளில் மேட்டுச் சோதனையில் கிளட்ச்சை மிதித்ததோடு சரி என்றால், உங்களையும் புதியவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்றைக்கு வீட்டில் இருக்கிற கார் எல்லாமே ஆட்டோவாக இருக்கும்போது கால் எங்கே பழகும்?

இரண்டாம் படி: ஒரு வாரத்தை எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏழு நாள், ஒவ்வொரு பயணத்துக்கும் மூன்று எண் எழுதுங்கள். ஜாமில் ஊர்ந்தது எத்தனை நிமிடம், தடையில்லாமல் ஓடியது எத்தனை நிமிடம், ஓட்டுவதற்காகவே ஓட்டியது எத்தனை நிமிடம். வண்டியை நிறுத்தினதும் எழுதிவிட வேண்டும். ராத்திரி உட்கார்ந்து ஞாபகத்தில் எழுதினால் ஜாம் பாதியாகக் குறைந்துவிடும், மனது அப்படித்தான்.

நான் கிள்ளானிலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போய்வந்த காலத்தில் எழுதிப் பார்த்தேன். ஒரு வாரத்தில் ஊர்ந்தது ஏழு மணி நேரத்துக்கு மேல். கோலா குபு பாரு பக்கம் வளைவுகளில் ஓட்டியது ஒன்றரை மணி நேரம், அதுவும் ஞாயிறு காலையில். அப்போது என்னிடம் இருந்தது மேனுவல். ஒரு நாள் மாலை ஐந்தரைக்கு மழை பிடித்துக்கொண்டது. ஃபெடரல் ஹைவேயில் முன்னால் கண்ணுக்கெட்டிய வரை சிவப்பு விளக்குதான். கிளட்ச்சை எத்தனை தடவை மிதிக்கிறேன் என்று எண்ண ஆரம்பித்தேன். இருநூறு தாண்டியதும் விட்டுவிட்டேன். அப்போது இன்னும் சுபாங்கைக்கூடத் தாண்டவில்லை. வீட்டுக்கு வந்து படி ஏறும்போது இடது முட்டி லேசாக நடுங்கியது. ஆனாலும் அந்தக் காரை நான் விற்கவில்லை. வேலைக்குப் போக மைவி என்கிற சின்னக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அதுக்கப்புறம் மேனுவல் மேல் இருந்த எரிச்சல் போயே போய்விட்டது.

நோட்டை வைத்துக்கொண்டு நான் சொல்கிற கணக்கு இது. வீட்டில் இது ஒன்றுதான் கார், வாரத்துக்கு ஐந்து ஆறு மணி நேரம் ஜாமில் போகிறது என்றால் ஆட்டோ எடுங்கள், யார் பேச்சையும் கேட்காதீர்கள். வேலைக்கு வேறு வண்டியோ எல்ஆர்டி ரயிலோ இருக்கிறது, ஸ்போர்ட்ஸ் கார் வார இறுதிக்கு மட்டும் என்றால் மேனுவலைத் தாராளமாக யோசியுங்கள். இன்னொன்றையும் அந்த நோட்டில் எழுதுங்கள்: இந்தக் காரை வீட்டில் வேறு யார் ஓட்டுவார்கள்? அவசரத்துக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய தங்கைக்கு டிஏ லைசன்ஸ்தான் இருக்கிறது என்றால் அதுவும் கணக்கில் வர வேண்டும்.

பினாங்குக்காரர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். பாலத்தில் காலை நேர நெரிசல் இருந்தாலும், தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைப்பாதை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாங்கள் வளைவைத் தேடி ஒரு மணி நேரம் போக வேண்டும்.

மூன்றாம் படி: எந்த ஆட்டோ?

"ஆட்டோ" என்று ஒரே பெயரில் மூன்று வேறு வேறு இயந்திரங்களை விற்கிறார்கள். இதைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதலாவது டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் எண்ணெய் இருக்கும். இரண்டு காற்றாடியை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டால் மற்றதும் மெல்லச் சுற்றுமே, அந்த மாதிரி எஞ்சின் சுழற்றுகிற எண்ணெய் மறுபக்கத்தைச் சுழற்றும். ஜாமில் பிரேக்கை விட்டதும் வண்டி வழுக்கிக்கொண்டு நகர்வது இதனால்தான். உரசித் தேய்கிற கிளட்ச் அந்த இடத்தில் இல்லாததால் நம் ஊர் நெரிசலை இது நன்றாகத் தாங்கும். பழைய நாலு கியர் ஆட்டோவை ஓட்டி வெறுத்தவர்கள், இன்றைய எட்டு கியர்ப் பெட்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு பூட்டு விழுந்து எஞ்சினும் கியர்பெட்டியும் நேராக இணைந்துவிடும். வழுக்குகிற உணர்வே இருக்காது. டொயோட்டா சூப்ராவின் ஆட்டோவில் இருப்பது எட்டு கியருள்ள இந்த வகைதான். ரேலிக்காகவே பிறந்த ஜிஆர் யாரிஸுக்கும் 2024-இல் எட்டு கியர் ஆட்டோ கொடுத்தார்கள்.

இரண்டாவது இரட்டைக் கிளட்ச். போர்ஷேயில் பிடிகே, ஃபோக்ஸ்வேகனில் டிஎஸ்ஜி என்று சொல்வது இது. மாமாக் கடையில் ரொட்டி சானாய் போடுகிறவரைப் பாருங்கள். கல்லில் ஒன்று வெந்துகொண்டிருக்கும்போதே அடுத்ததை வீசி விரித்துத் தயாராக வைத்திருப்பார். இது இறங்கியதும் அது ஏறும், கல் ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. இந்தக் கியர்பெட்டியும் அப்படித்தான். 1, 3, 5 ஒரு கிளட்ச்சில், 2, 4, 6 இன்னொன்றில். நீங்கள் மூன்றில் போகும்போதே நான்கு தயாராகக் காத்திருக்கும். அதனால்தான் கியர் மாற்றும்போது இழுவை அறுவதே இல்லை. பந்தயத்தில் போர்ஷே இதை 1980-களிலேயே ஓட்டிப் பார்த்தது. சாதாரண மக்கள் வாங்கக்கூடிய காரில் 2003-இல் கோல்ஃப் ஆர்32 மூலம் வந்தது.

வேகத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால் ஜாமில் நிலைமை வேறு. உள்ளே இருப்பது உண்மையான கிளட்ச். அது தேயும், சூடாகும். கிளட்ச் எண்ணெயில் நனைந்திருக்கும் ஈர வகை, எண்ணெய் இல்லாத உலர் வகை என்று இரண்டு உண்டு. நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும் ஈர வகையே நல்லது. வாங்கும்போது விற்பனையாளரிடம் "இது ஈர கிளட்ச்சா, உலர் கிளட்ச்சா?" என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால், தெரிந்தவரை அழைத்துவரச் சொல்லுங்கள். இரட்டைக் கிளட்ச் பழுதானால் ஆகும் செலவு, மேனுவலில் கிளட்ச் தட்டு மாற்றுகிற செலவைப் போலப் பல மடங்கு.

மூன்றாவது சிவிடி. பல்சக்கரம் இல்லாமல் பட்டையும் கப்பியும் வைத்து ஓடுவது. வீட்டுக் காருக்கு நல்லது, பெட்ரோலும் மிச்சம். ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று வந்தவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சத்தம் முதலில் ஏறும், வேகம் பின்னால் வரும். காதும் முதுகும் ஒத்துப்போகாது.

நான்காம் படி: காரின் பலத்தைப் பாருங்கள்

இங்கே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். எடை குறைந்த, பலம் அளவான காருக்கு மேனுவல் பொருந்தும். மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86, சுபாரு பிஆர்இசட் மூன்றுமே மேனுவலாகவும் வருகின்றன, ஆட்டோவாகவும் வருகின்றன. இவற்றில் இரண்டாவது கியரை முழுதாகப் பயன்படுத்தியும் ஹைவேயில் சட்டத்துக்குள் ஓட்ட முடியும். கியர் மாற்ற நிறைய வேலை இருக்கும், அந்த வேலையில்தான் சந்தோஷமும் இருக்கிறது. ஜிஆர்86-இல் மேனுவல்தான் ஆட்டோவைவிட அரை நொடி அளவுக்கு முன்னால் நூறைத் தொடுகிறது.

நானூறு குதிரைத்திறன் உள்ள காரில் கதை வேறு. 110 வரம்புள்ள ஹைவேயில் மூன்றாவது கியர் முடிவதற்குள் வேகம் எங்கேயோ போய்விடும். நம் சாலையில் அதற்கு மேனுவல் இருந்தாலும் மாற்றுவதற்கு வேலை குறைவு. அப்படிப்பட்ட கார்களில் இரட்டைக் கிளட்ச்சே வேகமும் கூட.

"அப்படியானால் மேனுவல் செத்துப்போன விஷயமா?" என்று கேட்பவர்களுக்கு போர்ஷே 911 ஜிடி3-ஐ நினைவுபடுத்துவேன். 2013-இல் வந்த ஜிடி3-இல் மேனுவலே இல்லை, பிடிகே மட்டும்தான். வேகத்தில் அதுதான் மேல் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் 2017-இல் புதுப்பித்தபோது மேனுவலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மெதுவானது என்று தெரிந்தே அதை வாங்க ஆட்கள் இருந்தார்கள். கையால் மாற்றுவதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை ஸ்டாப்வாட்ச் காட்டாது.

சில கார்களில் முடிவை அவர்களே எடுத்துவிட்டார்கள். இப்போதைய ஹோண்டா சிவிக் டைப் ஆர் மேனுவல் மட்டும்தான். எட்டாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ இங்கே டிஎஸ்ஜி-யோடுதான் வந்தது. பணம் குறைவாக இருக்கிறது, மேனுவலைப் பழகவும் வேண்டும் என்றால் நம் நாட்டு ப்ரோட்டான் சாத்ரியா ஜிடிஐ-யை மறக்காதீர்கள்: 1.8 லிட்டர், ஐந்து கியர், லோட்டஸ் பொறியாளர்கள் சரிசெய்த சஸ்பென்ஷன். வயதான கார் என்பதால் நல்லதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஒரே நாளில் இரண்டையும் ஓட்டுங்கள்

ஷோரூமிலிருந்து கிளம்பி, காலியான சாலையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவது சோதனை ஓட்டமே இல்லை. மூன்று இடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்: ஊர்கிற ஜாம், சரிவான மேடு, தடையில்லாத வளைவு. இதில் மேட்டை யாரும் பார்ப்பதில்லை. கோலாலம்பூரில் உண்மையான மேடு மலையில் இல்லை, பேரங்காடிக் கார் நிறுத்துமிடத்தின் சுழல் பாதையில் இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் மிட் வேலியில் அந்தச் சரிவில் நீங்கள் நிற்கிறீர்கள். பின்னால் ஒரு பெரிய எம்பிவி முட்டுகிற மாதிரி ஒட்டி நிற்கிறது. முன்னால் இருப்பவர் ஒரு மீட்டர் நகர்கிறார். அந்த இடத்தில் உங்கள் கை வியர்க்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

மேனுவலில் அந்த இடத்தைத் தாண்ட ஒரு வழி. கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்து, முதல் கியர் போட்டு, கிளட்ச்சை மெல்ல மெல்ல விடுங்கள். ஒரு இடத்தில் எஞ்சின் சத்தம் கனத்து, எஞ்சின் சுழற்சியைக் காட்டும் ஆர்பிஎம் முள் கொஞ்சம் இறங்கி, பானெட் ஒரு விரல்கடை தூக்கும். அங்கேயே காலை நிறுத்துங்கள். கொஞ்சம் ஆக்சிலரேட்டர், அப்புறம் கைப்பிரேக்கை விடுங்கள். வண்டி பின்னால் ஒரு அங்குலம்கூடப் போகாது. இந்தக் கார்கள் சிலவற்றில் மேட்டில் சில நொடி தானாகப் பிடித்துக்கொள்ளும் வசதி உண்டு. இருந்தாலும் காலால் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இரட்டைக் கிளட்ச்சில் வேறு விதம். அந்தச் சரிவில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்கவே கூடாது, உள்ளே கிளட்ச் வெந்துவிடும். பிரேக்கிலேயே நில்லுங்கள். முன்னால் ஒரு கார் அளவு இடம் விழுந்தபின் ஒரே நகர்வாக நகருங்கள்.

உட்காரும் விதத்தையும் பாருங்கள். கிளட்ச்சை அடி வரை மிதித்தபோதும் இடது முட்டி கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். முட்டி நேராக நீண்டுவிட்டால் இருக்கை தூரம். மூன்று மிதிக்கும் நடுவில் உங்கள் பாதத்துக்கு இடம் போதுமா என்றும் பாருங்கள். தயவுசெய்து சிலிப்பரோடு போகாதீர்கள். நாம் எல்லாரும் சிலிப்பரில்தான் ஓட்டுகிறோம், தெரியும். மேனுவலில் அது கிளட்ச்சுக்கு அடியில் மடங்கிச் சிக்கிக்கொண்டால் அந்த ஒரு நொடி போதும். மெல்லிய அடி உள்ள காலணி போடுங்கள்.

ஆட்டோவில், ஸ்டீரிங் பின்னால் கியர் மாற்றுவதற்கென்று இருக்கும் துடுப்பை இழுத்துப் பாருங்கள். இழுத்ததற்கும் மாறுவதற்கும் நடுவில் நீங்கள் "சரி" என்று சொல்லி முடிக்க முடிந்தால் அது உங்களுக்கு அலுத்துவிடும்.

ஆறாம் படி: ரீகாண்ட் (வெளிநாட்டில் ஓடி இங்கே இறக்குமதியானது), பழைய கார் என்றால்

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்கப் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

மேனுவலில் ஆறின எஞ்சினோடு இரண்டாவது கியருக்கு மாற்றும்போது கரகரவென்று பல் உரசினால், கியர்கள் உரசாமல் இணைய உதவும் சிங்க்ரோ வளையங்கள் தேய்ந்திருக்கலாம். நான்காவது கியரில் 50-இல் போய்க்கொண்டே முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் பாய்ந்து ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஆட்டோவில் என்-லிருந்து டி-க்கும், அப்புறம் ஆர்-க்கும் போடுங்கள். வெகுநேரம் யோசித்துவிட்டு "டொக்" என்று இடித்தால் அந்தக் கார் வேண்டாம். இரட்டைக் கிளட்ச்சில், ஜாம் வேகத்தில் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நடுங்குகிறதா பாருங்கள். கியர் எண்ணெய் மாற்றின ரசீதைக் கேளுங்கள். "இது ஆயுசுக்கும் மாற்ற வேண்டாத எண்ணெய்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். நம் சூட்டில் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவதே எனக்குத் தெரிந்த நல்ல மெக்கானிக்குகளின் வழக்கம்.

சாலை வரி எஞ்சின் அளவை வைத்துத்தான், கியரை வைத்தல்ல. அதனால் அந்தக் கணக்கு இந்த முடிவில் வர வேண்டியதில்லை.

ஏழாம் படி: முதல் மாதம்

மேனுவல் எடுத்தவர்கள் இரண்டு வாரம் வேலைக்கு எடுத்துப் போகாதீர்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தாமான் (குடியிருப்பு) சாலையில் பழகுங்கள். கிளட்ச் மேல் காலை வைத்தபடி ஓட்டும் பழக்கம் மட்டும் வரவே கூடாது. மாற்றி முடித்ததும் கால் பக்கத்து ஓய்வு மிதிக்குப் போக வேண்டும். சிவப்பு விளக்கில் நியூட்ரல் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள். இந்த இரண்டையும் கடைப்பிடிக்கிறவரின் கிளட்ச் வருஷக்கணக்கில் உழைக்கும்.

ஆட்டோ எடுத்தவர்கள் முதல் மாதத்திலேயே துடுப்பையோ, நாமே கியரைத் தேர்ந்தெடுக்கும் எம் நிலையையோ பயன்படுத்தப் பழகிக்கொள்ளுங்கள். இது விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது டி-யில் போட்டு, அடி வரைக்கும் பிரேக்கிலேயே கால் வைத்து வருகிற கார்களைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியை இறக்கினால் கருகின வாடை வரும். பிரேக் அதிகம் சூடானால் பிடிக்காது. ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ கிட்டத்தட்ட அதே கியரில் இறங்குங்கள், மேனுவலோ ஆட்டோவோ. எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்கை வளைவுக்கு முன் மட்டும் தொட்டால் போதும். என் தம்பியை முதல் தடவை கூட்டிப்போனபோது மேலே நின்று இதைச் சொல்லிக்கொடுத்தேன். எம் நிலையில் இரண்டில் போட்டு இறங்கினான். எஞ்சின் உறுமுவதைக் கேட்டுப் பயந்து "அண்ணே, கார் கெட்டுப்போயிடாதா?" என்று பாதி வழி வரை கேட்டுக்கொண்டே வந்தான். அடிவாரத்தில் நிறுத்தி இறங்கிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தோம். ஒரு வாடையும் இல்லை.